கிடங்குக்கு அடியில் இன்னொரு கிடங்கு

2014-ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் எங்கள் பின்கிடங்கில் இருப்பு எடுத்தபோது துவரம்பருப்பு அட்டியில் எடை குறைந்தது. மேல் வரிசை மூட்டைகள் சரியாக இருந்தன. சுவரை ஒட்டிய அடி வரிசையில் ஒன்பது மூட்டைகளில் சேர்த்து 38 கிலோ இல்லை. ஒரு மூட்டையிலும் தையல் பிரியவில்லை. சுவர்ப் பக்கமாக மட்டும் விரல் நுழையும் அளவு ஓட்டை. தரையில் சிந்திய பருப்பும் இல்லை. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும்? யாரோ குத்தூசி விட்டுப் பருப்பை வடித்து எடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். எங்களுக்கும் அதுதான் தோன்றியது.

எலியாக இருக்குமோ என்று யோசிக்காமல் இல்லை. உத்தரத்தின் மேல் இரண்டு எலிப்பொறி வைத்து, மசால்வடை மாட்டி, நான்கு நாள் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை. உத்தரத்தில் புழுக்கை இல்லை, ஓட்டுக்கடியில் நடமாட்டம் இல்லை. எனவே எலி இல்லை என்று தீர்மானித்தோம். கிடங்கின் சாவி எங்களிடமும் இரவுக் காவலரிடமும் மட்டுமே இருந்தது. அவர் எங்களிடம் பதினோரு ஆண்டு இருந்தவர். கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவரைக் கேட்டோம். "நான் எடுக்கலைங்க முதலாளி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பள பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பங்குனி பாதியில் அதே மூலையில் அட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சரக்கை இறக்கிப் பார்த்தால் சிமெண்டுத் தரை ஒரு முழ அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. கொத்தனார் வந்து கடப்பாறையால் தட்டினார். தரை பானை ஓடுபோல் உடைந்தது. அடியில் மண் இல்லை. வளைகள்தான் இருந்தன. கை நுழைத்தால் முழங்கை வரை போகிற வளைகள். ஒரு குழியில் கோணி நாரும் பாலிதீன் கிழிசலும் மெத்தைபோல் பரப்பியிருந்தது. இன்னொன்றில் துவரம்பருப்பு. அள்ளி அள்ளி வைத்தோம். மண்ணோடு கலந்தது போக ஒன்பது கிலோவுக்கு மேல் இருந்தது. எங்கள் மார்க்குச் சரக்குதான்.

காவலரை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதைப் பிறகு சொல்கிறோம். ஏன் அவ்வளவு தவறாகக் கணித்தோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் வணிகர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலவே எலி என்றால் ஒரே எலி என்று நினைத்திருக்கிறோம்.

இது வீட்டெலி அல்ல

தரையைத் தோண்டிய அன்றே, எங்கள் பக்கம் வயல்களில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வளையைப் பார்த்ததுமே, "இது ஓட்டுல ஓடுற எலி இல்லீங்க முதலாளி, வரப்புல இருக்கிற எலி. அறுப்பு முடிஞ்சதும் உள்ள வந்துட்டுது" என்றார். பிறகு வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டும், அவர் கொடுத்த நூல்களைப் படித்தும் நாங்கள் தெரிந்துகொண்டவை இனி வருவன.

இந்த எலியை வேளாண்மைத் துறையின் தமிழ் வெளியீடுகள் கரம்பை எலி என்கின்றன. ஊர்ப்பக்கம் வயலெலி, வரப்பெலி என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். விலங்கியலில் இதன் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். 1830-களில் வங்காளத்து எலியை வைத்து விவரித்ததால் இந்தப் பெயர். முன் பாதியான பாண்டிகோட்டா நம் பக்கத்துச் சொல். தெலுங்கில் பந்திகொக்கு என்றால் பன்றி எலி. அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் பாண்டிகூட் ஆக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் எலியே அல்லாத வேறொரு பிராணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இந்தியன் மோல் ரேட் என்றும் ஒரு பெயர் உண்டு. மோல் என்பது குளிர்நாடுகளில் மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மேலே மண்ணைக் குவியலாகத் தள்ளும் பிராணி. நம் எலியும் வளை வாயில் அதேபோல் மண் குவிப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்காவில் உள்ள மோல் ரேட் வகைகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

அடையாளம் காண்பது கடினமல்ல. ஓட்டிலும் உத்தரத்திலும் ஓடும் வீட்டெலி ஒல்லியானது. காது பெரியது, மூக்கு கூரியது, வால் உடம்பைவிட நீளம். கரம்பை எலி தடித்தது, குட்டையானது. மூக்கு மழுங்கியிருக்கும். வால் உடம்பைவிடக் குறைந்த நீளம். முதுகு கரும்பழுப்பு, வயிறு சாம்பல். வளர்ந்த எலி மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு சாண் அளவு, எடை கால் கிலோவுக்கு முன்பின். சாக்கடையில் பூனை அளவுக்குத் திரியும் பெருச்சாளி இதன் பெரிய பங்காளி. பெருச்சாளிக் குஞ்சையும் இதையும் பக்கத்தில் வைத்தால் பழக்கப்பட்டவர்களே தடுமாறுவார்கள். மூஞ்சூறு என்பது எலி இனமே இல்லை. அது பூச்சிகளையும் கரப்பானையும் தின்பது. நம் கிடங்கில் மூஞ்சூறு கீச்சிட்டால் அதை விட்டுவிடலாம்.

இதற்கு இன்னொரு அடையாளம் உண்டு. மடக்கினாலோ சீண்டினாலோ முதுகில் உள்ள நீண்ட மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி உறுமுவதுபோல் உறுமும். ஒன்றோடொன்று சண்டையிடும்போதும் அப்படித்தான். எங்கள் பூனை இதன் பக்கம் போவதை நாங்கள் பார்த்ததே இல்லை.

வளையின் கணக்கு

வீட்டெலிக்கு மேல்தளம் வேண்டும். கரம்பை எலிக்கு மண் வேண்டும், அதுவும் ஈரப்பதமுள்ள மண். அதனால்தான் நெல் வயல் வரப்பு, வாய்க்கால் கரை, கரும்புத் தோட்டம், குளக்கரை இவற்றில் இது செழிக்கிறது. நன்றாக நீந்தும். வயலில் தண்ணீர் நின்றால் வரப்புக்கு ஏறும், வரப்பும் முழுகினால் மேட்டுக்கு நீந்திப் போகும். பயிர் தூர் கட்டும்போது தண்டை அடியில் சாய்வாகக் கத்தரிக்கும். கதிர் முற்றியதும் கதிரையே அறுத்து வளைக்குள் இழுத்துச் சேமிக்கும். அறுவடைக்குப் பின் வரப்பை வெட்டி எலி சேர்த்த நெல்லை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் ஏராளம். வட மாவட்டங்களில் இருளர் மக்கள் இதில் வல்லவர்கள். முன்பெல்லாம் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானை அடியில் உள்ள ஓட்டை வழியாக வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். வாயும் மூச்சும் வெந்துபோகிற வேலை. 2000-த்துக்குப் பிறகு கையால் சுற்றிப் புகை விடும் இரும்புக் கருவி அவர்களுக்குச் செய்து கொடுக்கப்பட்டது.

வளையின் அமைப்பைக் கேட்டால் நமக்கே பொறாமையாக இருக்கும். வாயிலில் புதுமண் குவிந்திருக்கும். ஆனால் வாய் திறந்திருக்காது. எலி உள்ளே போனதும் பின்னால் மண்ணைத் தள்ளி அடைத்துக்கொள்ளும். திறந்த பொந்தைப் பார்த்து உள்ளே எலி இருக்கிறது என்றும், மூடிய மண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்றும் நினைப்பது நம் வழக்கம். இந்த எலி விஷயத்தில் அது நேர் எதிர். உள்ளே பல முழ நீளத்துக்கு வளை கிளை பிரிந்து ஓடும். குட்டி போட ஓர் அறை, தானியம் சேர்க்க ஒன்றோ பலவோ அறைகள். இவை தவிர, மேல்மண்ணுக்கு ஒரு விரற்கடை கீழ் வரை தோண்டி அப்படியே விட்டுவைத்த வழி ஒன்றும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. புகையோ பாம்போ உள்ளே வந்தால் அந்த மெல்லிய மண்ணை முட்டிக்கொண்டு வெளியேறும்.

வயலில் ஒரு வளைக்கு ஓர் எலிதான். தாயும் குட்டிகளும் இருக்கும் காலம் தவிர, ஒன்று இன்னொன்றை அண்ட விடாது. கிட்டிக்காரர் இதைச் சொன்னபோது, அப்படியானால் எங்கள் மூலையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று ஆறுதல் அடைந்தோம். அவர் சிரித்தார். கிடங்கின் உள்ளும் பின்பக்க வாய்க்கால் கரையிலும் தஞ்சாவூர்க் கிட்டி வைத்தார். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, வாயில் தீனி வைக்கும் பழைய பொறிதான் அது. அந்தியில் வைத்து விடியலில் எடுப்பார், எலிக்கு இவ்வளவு என்று கூலி. ஐந்து இரவில் 19 எலிகள் விழுந்தன.

தீனி குறையாமல் கிடைக்கும் இடத்தில் இந்த எலி தன் தனிக்குடித்தன வழக்கத்தை விட்டுவிடுகிறது என்பதைக் கல்கத்தாவில்தான் முதலில் தெளிவாகக் கண்டார்கள். 1960-களில் ஸ்பில்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள தானியக் கிடங்குகளில் எலிகளைப் பிடித்து, அடையாளமிட்டு, எண்ணிப் பார்த்தார். அவரது ஆய்வு 1968-ல் நூலாக வந்தது. கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் வீட்டெலியோ சாக்கடை எலியோ அல்ல. இந்த வயலெலிதான் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தது. மூட்டை அட்டிகளுக்கு நடுவிலும் தரைக்கு அடியிலும் தலைமுறை தலைமுறையாக வெளியே வராமலே வாழ்ந்துகொண்டிருந்தது. பம்பாயிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இதன் கை ஓங்கியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாகிஸ்தான் முதல் மியான்மர் வரையும், தெற்கே இலங்கையிலும் இது சொந்தக்காரர். பினாங்கு, சுமத்ரா, ஜாவா பக்கங்களுக்கு மனிதரோடு கப்பலேறிப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. நம் முன்னோர் அரிசி மூட்டை ஏற்றியபோது பயணச்சீட்டு வாங்காமல் இதுவும் ஏறியிருக்கும்.

எங்கள் பின்கிடங்கு ஊர்க் கடைசியில் இருக்கிறது. பின்சுவருக்கு அப்பால் பாசன வாய்க்கால், அதற்கு அப்பால் வயல். தையில் சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் வரப்பில் இருந்தவற்றுக்குத் தீனியும் இல்லை, ஈரமும் இல்லை. பதினைந்து அடி தூரத்தில் 400 மூட்டை பருப்பு. கிடங்கின் குழாயடியில் எப்போதும் ஒரு கசிவு. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். கரம்பை எலிக்கு வேறென்ன வேண்டும்?

உத்தரத்தில் பொறி வைத்து ஏன் ஏமாந்தோம் என்பதும் இப்போது விளங்கும். இந்த எலி பொதுவாக மேலே ஏறி வாழ்வதில்லை. தரையோடு சுவரோரமாகப் போகும். மூட்டையின் சுவர்ப் பக்கத்தைத்தான் கடிக்கும். சிந்திய பருப்பையும் பொறுக்கி வளைக்குள் கொண்டுபோய்விட்டதால் தரை துடைத்ததுபோல் இருந்தது. ஓட்டையைச் சுற்றிக் கோணி நார் பிசிறிக்கொண்டிருந்ததையும் நாங்கள் கவனிக்கவில்லை. குத்தூசி போட்ட ஓட்டையில் நார் விலகும், பிசிறாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நிதானம்தான் இல்லை.

வட்டிக்கு வட்டி

ஒரு கரம்பை எலி நாளொன்றுக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு தின்னும். கால் கிலோ எலி என்றால் 25 கிராம். இதைக் கேட்டு, போனால் போகிறது என்று நினைக்க வேண்டாம். தின்பதைவிடக் கொண்டுபோவதும், சிறுநீரும் மயிரும் புழுக்கையும் பட்டுக் கழிவாவதும்தான் நமக்குப் பெரிய நஷ்டம். சாக்கு போவது தனி.

அதைவிடப் பெருக்கம்தான் பயப்பட வேண்டியது. கரு மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் சாதாரணம், பத்தைத் தாண்டுவதும் உண்டு. கண் திறக்க இரண்டு வாரம், பால் மறக்க நான்கு வாரம். மூன்று மாதத்தில் அந்தக் குட்டியே ஈனத் தயார். நமக்குப் பழக்கமான முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஜோடி, இரண்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி, பாதி பெட்டை, பெட்டைக்குட்டி நாலாம் மாதம் தன் முதல் ஈற்றைப் போடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டோம். ஒன்றும் சாகாவிட்டால் ஆண்டு முடிவில் 434 வருகிறது. உண்மையில் பெரும்பாலானவை ஓராண்டுகூட வாழ்வதில்லை. கூகையும் சாரைப்பாம்பும் கீரியும் பாதியைக் குறைக்கும், தங்களுக்குள் சண்டையிட்டும் சாகும். ஆனால் பூட்டிய கிடங்குக்குள் கூகை வராது. நாம் பூட்டுப் போட்டுக் காப்பாற்றுவது நம் சரக்கை மட்டுமல்ல.

சாரையைக் கண்டால் அடிக்காமல் விரட்டிவிடுங்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் எலி இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் வரும். இருட்டில் அட்டி இடுக்கில் கைவிடும் சுமைப்பணியாளருக்கு அதனால் வரும் ஆபத்தை நாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நோயும் அப்படியே. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வெளியாகி, ஈரத் தரையிலும் தேங்கிய நீரிலும் இருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். 2015 ஐப்பசி மழையில் எங்கள் சுமைப்பணியாளர் ஒருவர் சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் வீட்டில் படுத்திருந்தார். கண் சிவந்து, கெண்டைக்கால் தசை வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனபிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. தொடக்கத்திலேயே கண்டால் வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகிவிடும், முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஆட்களுக்குக் காலணி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வந்தது. பிளேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1994 செப்டம்பரில் சூரத்தில் அது தலைகாட்டியபோது சில வெளிநாடுகள் இந்தியச் சரக்கையே வேண்டாம் என்றது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மருந்து வைப்பதில் நாம் செய்யும் பிழை

எலி என்றதும் நம்மவர்கள் செய்வது, மருந்துக்கடையில் ஏதோ ஒரு பசையை வாங்கித் தக்காளியில் தடவி மூலைக்கு மூலை வைப்பது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு மாற்றுமருந்தே கிடையாது. எத்தனை வீடுகளில் என்னென்ன நடந்திருக்கிறது என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். சில்லறைக் கடைக்காரர்கள் அதை விற்கவும் வேண்டாம், உணவுப்பொருள் இருக்கும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.

துத்தநாக பாஸ்பைடு என்னும் கறுப்புத் தூளை விவசாயிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். எலியின் வயிற்றில் உள்ள அமிலம் பட்டதும் விஷவாயு உண்டாகிச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். ஆனால் அந்த வேகமே அதன் குறை. கொஞ்சமாகத் தின்று வயிறு புரண்டு பிழைத்த எலி, அந்தத் தீனியை நீண்ட நாள் மறக்காது. மறுபடி எவ்வளவு வைத்தாலும் தொடாது. இதனால்தான் மருந்தில்லாத தீனியை முதலில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு மருந்து கலந்து ஒரே இரவு வைக்கச் சொல்கிறார்கள். நாம் முதல் நாளே மருந்தை வைத்துவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம்.

புரோமடயலோன் வேறு வகை. இது இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சில நாள் கழித்துக் கொல்லும். தின்றதற்கும் உடம்பு கெட்டதற்கும் தொடர்பு எலிக்குத் தெரியாததால் தொடர்ந்து தின்னும். இதற்கு வைட்டமின் கே1 மாற்றுமருந்தாக உண்டு. ஆனாலும் சரக்கு அட்டிக்குள் வைப்பது தவறு. வளைக்கு உள்ளேயோ, வெளிச்சுவர் ஓரமாகப் பூட்டிய பெட்டியிலோதான் வைக்க வேண்டும். எந்த எலி எங்கே செத்தது என்று தேடி எடுத்துப் புதைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தின்னும் கூகையும் சாகும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றி ஒரே வார்த்தைதான்: தொடாதீர்கள். அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வந்து செய்ய வேண்டியது அது. காவலர் படுத்திருக்கும் கிடங்கில் அதைப் போட்டுக் கதவைச் சாத்துவது கொலைக்குச் சமம்.

எங்கள் அனுபவத்தில் மருந்தைவிடக் கட்டடம்தான் பலன் கொடுத்தது. கரம்பை எலி மண் வழியாக வருவது. எனவே மண்ணில்தான் மறிக்க வேண்டும். உடைந்த தரையைத் தோண்டி, வளைகளைக் கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் போட்டு இடித்து, அதன்மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டோம். நல்ல கான்கிரீட்டைக் கடிக்க இதன் பல்லால் ஆகாது. சுண்ணாம்புக் காரையும், மணல் அதிகமான சிமெண்டுப் பூச்சும், மரக்கதவின் அடியும் இதற்குத் தூசு. எலியின் முன்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். கதவடியில் தகரம் அடித்தோம். தண்ணீர் போகும் துவாரங்களுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை போட்டோம். குழாய்க் கசிவையும் ஒருவழியாக அடைத்தோம். அரசுக் கிடங்குகளைப் பார்த்தால் பீடம் இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருப்பதும், விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். லாரிக்கு வசதி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எலிக்கும் அதுதான் தடை. புதிதாகக் கிடங்கு கட்டுகிறவர்கள் இதை மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கும் பழக்கத்தையும் விட்டோம். இப்போது இரண்டு அடி இடைவெளி விட்டு, அடியில் மரச்சட்டம் போட்டு அடுக்குகிறோம். பதினைந்து மூட்டைக்கான இடம் போகிறதே என்று எங்கள் மகன்களே முணுமுணுத்தார்கள். ஆனால் சுவரைச் சுற்றி ஆள் நடக்க முடிந்தால்தான் புதுமண் விழுந்திருப்பது கண்ணில் படும். 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சோதனைக்கு வரும் அலுவலரும் முதலில் பார்ப்பது அந்த இடுக்கைத்தான்.

காவலர்

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அவர் வீட்டுக்கு நாங்களே போனோம். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அப்போதுதான் அவர் சொன்னார்: "தை மாசமே கணக்குப்பிள்ளைகிட்ட சொன்னேனுங்களே. ராத்திரி அட்டிக்குப் பின்னால பன்னி உறுமுற மாதிரி சத்தம் வருதுன்னேன். தண்ணி போட்டுட்டு வந்தியான்னு கேட்டாரு."

கணக்குப்பிள்ளை எங்களிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. நாங்களும் சிரித்திருந்தோம். இந்த எலி உறுமும் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அவர் திரும்பி வரவில்லை. அதற்குள் வேறு ஓர் அரிசி ஆலையில் சேர்ந்திருந்தார். நாங்கள் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. "அங்க நல்லா இருக்கேங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்போது எங்கள் பின்கிடங்கு வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டு கயிற்றில் தொங்குகிறது. இரவுக் காவலர் கேட்டதையும் பார்த்ததையும் அதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் காலையில் சொல்லி எழுத வைக்க வேண்டும். அதைக் கணக்குப்பிள்ளையிடம் விடாமல் நாங்களே தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் இருக்கும். போன தைக் கடைசியில் ஒரு நாள், 'மேற்கு மூலை, வெளிப்பக்கம், உறுமல், 2 மணி' என்று இருந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வாய்க்கால் கரையில், சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி, உள்ளங்கை அளவு புதுமண். அன்று மாலையே கிட்டிக்காரர் வந்துவிட்டார்.